எனக்கு யாரும் மறைக்கவில்லை

ரயில் நகர ஆரம்பித்ததும் கோமு கண்ணை மூடிக்கொள்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. எதிரில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர் அவள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துவிட்டார் போல, பேப்பரைச் சத்தம் வராமல் மடிக்கிறார். ஜெபம் இல்லை. நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். வணக்கம், இன்றைக்கு உங்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற நர்ஸ் நான், உங்கள் முழுப் பெயரைச் சொல்ல முடியுமா, பிறந்த தேதி, ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா. ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள், சத்தமே வெளியில் வரவில்லை, ஆனாலும் எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, ஏனென்றால் இதே ரயிலில் இதே சொற்களை நானும் இப்படித்தான் மென்றுகொண்டு போயிருக்கிறேன், இரண்டு முறை. இரண்டு முறையும் தோற்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். ஊரில் எத்தனை வருஷம் நர்ஸாக நின்றிருந்தாலும் இந்த நாட்டில் இந்தச் செய்முறைப் பரிட்சையைத் தாண்டினால்தான் நர்ஸ். அதுவரைக்கும் நர்ஸுக்கு உதவிக்கு நிற்கிற ஆள், போடுகிற சட்டையின் நிறமே வேறு. மூன்று தடவை எழுதலாம், எனக்கு இன்னும் ஒன்று மிச்சம், அடுத்த மாதம். அதிலும் போனால் ஊருக்கு டிக்கெட். கோமுவுக்கு இது முதல் தடவை. நான் ஏற்கெனவே போய்வந்த இடம் என்பதால் துணைக்குப் போகும்படி வார்டு மேனேஜர் சொன்னாள், உனக்கு வழி தெரியுமே நெஸ் என்றாள், சிரித்துக்கொண்டே சொன்னாள், ஒன்றும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, ஆனாலும் தோற்றவளுக்கு வழி நன்றாகத் தெரியும் என்கிற மாதிரிதான் என் காதில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே வயல் முழுக்க உறைபனி, ஆடுகள் அசையாமல் நிற்கின்றன. கோமு இன்று பாஸாகிவிடுவாள். அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அந்த முகத்துக்குத் தெரியாது. சங்கரன்கோவிலில் இருக்கிற அவளுடைய அம்மாவுக்கு இன்று நெஞ்சுவலி வந்துவிட்டது.

காலையில் நான் பாலை அடுப்பில் வைத்திருந்தபோது போன் வந்தது. கோமு மாடியில் குளித்துக்கொண்டிருந்தாள், தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கூப்பிட்டது அவள் அண்ணன் வேலாயுதம். முன்பு ஒரு தடவை வீட்டிலிருந்து இட்லிப் பொடியும் எள்ளுருண்டையும் பார்சல் அனுப்பியபோது என் நம்பரை வாங்கியிருந்தான். "அக்கா, கோமு பக்கத்துல இருக்காளா?" "குளிக்கா தம்பி." "அப்ப கேளுங்க. அம்மாக்கு நெஞ்சுவலி. தின்னவேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். அடைப்பு இருக்குன்னு சொல்லுதாங்க, உள்ள கொண்டுபோயிருக்காங்க. கோமுட்ட சொல்லிராதீங்க. பரிட்ச முடிஞ்சு வெளிய வரட்டும். அம்மாவே சொல்லிட்டுத்தான் போனா. ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தள்ளிட்டுப் போறாங்க, என் கையப் புடிச்சுக்கிட்டு, பிள்ளைக்கு இன்னைக்குப் பரிட்ச, அவகிட்ட மூச்சு விட்றாதடான்னு சொல்லுதா." அவன் குரல் உடைந்து போயிற்று. பிறகு, "உங்கள நம்பித்தான் அக்கா," என்றான். சரி தம்பி என்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பதினோரு வருஷம் ஐசியூவில் நின்றவள் நான். அடைப்பு என்று கேட்ட உடனே உள்ளே என்ன செய்வார்கள், எங்கே என்ன தவறிப்போகும் என்று எனக்குக் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்த அம்மாளின் முகம்கூட வரவில்லை. தினம் வீடியோவில் பார்க்கிற முகம்தான், நேசா நல்லாருக்கியா தாயி, எம்பிள்ளயப் பாத்துக்க என்று சொல்கிற முகம். அது வரவில்லை. முதலில் என்ன வந்தது என்றால், கொடுத்து வைத்தவள் என்று வந்தது. அடுப்பைத் துடைத்துக்கொண்டே அதைத்தான் நினைத்தேன், இவளுக்கு மறைக்க ஆள் இருக்கிறது, ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு மறைக்கிற அம்மா இருக்கிறாள், அழுதுகொண்டே மறைக்கிற அண்ணன் இருக்கிறான். எனக்கு யாரும் மறைக்கவில்லை.

என்னுடைய முதல் பரிட்சை அன்றைக்கு இதே மாதிரி குளிர். உள்ளே போகக் கூப்பிடப் போகிற நேரத்தில், போனை அணைக்கப் போகிறேன், ஊரிலிருந்து என் வீட்டுக்காரர் ஞானதுரை கூப்பிட்டார். "நேசா, பிள்ள மாடிப்படியில விழுந்துட்டா. முழங்கை மடங்கித் தொங்குது. நான் என்ன செய்யட்டும் சொல்லு." பின்னால் என் மகள் ஜெமிமா கத்துகிறாள், அம்மா அம்மா என்று. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், அசைக்காமல் ஒரு துண்டைக் கட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன். "உனக்கு அங்க உக்காந்துக்கிட்டுச் சொல்ல லேசா இருக்கு," என்றார். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே மூன்றாவது அறையில் ஒரு அம்மாள் நோயாளியாக நடிப்பதற்குப் படுத்திருந்தாள், கையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தாள், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தம். நான் அந்தப் பட்டையைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, சிவப்பு நிறம் இன்னும் கண்ணில் இருக்கிறது. பார்த்துக்கொண்டே பெனிசிலின் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். என் கண் முன்னால் இருந்தது ஒரு சின்ன முழங்கை. அந்த மாத்திரையோடு பரிட்சை முடிந்துபோயிற்று. பிறகு ஒருநாள் ஞானதுரையிடம் கேட்டேன், ஒரு மூன்று மணி நேரம் பொறுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று. "பெத்தவ நீ, உனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோய்விட்டார், பயத்தைத் தனியாக வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது, எப்போதும் பாதியை என் கையில் கொடுத்துவிடுவார், நானும் வாங்கிக்கொள்வேன், கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். இரண்டாவது தடவை யாரும் போன் செய்யவில்லை. ஆனாலும் கூப்பிடுவார்களோ கூப்பிடுவார்களோ என்று நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, நோயாளியிடம் பேசவே முடியவில்லை. அதுவும் அந்த முதல் போனால் வந்ததுதான். அப்படித்தான் நான் எனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால் நான் இப்போது நர்ஸ்.

கோமு கண்ணைத் திறக்கிறாள். "அம்மா இன்னைக்குப் பேசவே இல்லக்கா," என்கிறாள். "அண்ணன்தான் மெசேஜ் போட்டிருக்கான், அம்மா கோயிலுக்குப் போயிருக்காளாம், போன வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டாளாம். எனக்காகத்தான் போயிருப்பா. கோமதி அம்மன்ட்ட நின்னு, எம்பிள்ளைய பாஸாக்கிரு, இல்லன்னா வாசல்ல வந்து உக்காந்துக்கிருவேன்னு மெரட்டிக்கிட்டு இருப்பா." சிரிக்கிறாள். செய்தி என் வாயில் இருக்கிறது. நெஞ்சுவலிக்காரர்களுக்கு நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைப்போமே, அது மாதிரி கரைந்துகொண்டே இருக்கிறது, முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உங்க அம்மா கோயில்ல இல்லட்டி. இவ்வளவுதான் சொல்ல வேண்டும், மீதியை அவளே கேட்டு வாங்கிவிடுவாள். சொல்வது ஒன்றும் தப்பு இல்லையே. பெற்ற தாய்க்கு ஆபத்து, மகளுக்குத் தெரிய வேண்டாமா. நாளைக்கு அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தீர்களே என்று இவள் என்னைக் கேட்க மாட்டாளா. மறைக்க நான் யார். அவர்கள் வீட்டு ஆளா. சொல்லிவிடுவதுதான் நியாயம். நியாயம் என்று நினைக்கிறபோதே இந்தச் சொற்கள் எங்கேயோ கேட்டவையாக இருக்கின்றன, பெத்தவ நீ உனக்குத் தெரிய வேண்டாமா, ஞானதுரையின் சொற்கள், அதை அப்படியே எடுத்து இவளுக்குத் திருப்பிப் போடுகிறேன். அவராவது பயத்தில் சொன்னார். நான் எதனால் சொல்லப் பார்க்கிறேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த உடனே அதை விட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். கோமுவுக்கு ஒரு டீ வாங்குகிறேன், கூடவே ஒரு சாக்லேட் கேக்கும். "எதுக்குக்கா?" "குடி. வெறும் வயித்தோட போகாத." அவள் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறாள்.

எதற்காக இவளிடம் எனக்கு இப்படி என்று எத்தனையோ தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன். இவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒரே மாதத்தில் வந்து இறங்கினோம், பரிட்சைத் தேதி மட்டும் எனக்கு முன்னால் கிடைத்தது, அவளுக்குத் தள்ளிப்போயிற்று, ஆஸ்பத்திரி பிடித்துக் கொடுத்த வீட்டில் இரண்டு பேரும் இருக்கிறோம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்குக் கடல் தெரிகிற அறை விழுந்தது, எனக்குக் குப்பைத்தொட்டி தெரிகிற அறை. மாத்திக்கிடுவோமாக்கா என்று அவள் கேட்டாள், வேண்டாம் என்றேன், வேண்டாம் என்றதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தாண்டிப் போகிறபோது உள்ளே வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன். வார்டில் என் பெயரை வெட்டி நெஸ் ஆக்கிவிட்டார்கள், நேசமலர் என்று சொல்ல நாக்கு வளையவில்லையாம். கோமதி மட்டும் எப்படியோ வளைந்துவிட்டது, கோமதி கோமதி என்று கட்டிலுக்குக் கட்டில் கூப்பிடுகிறார்கள். ஆர்தர் என்று ஒரு கிழவர், காலில் புண், நான்தான் தினம் சுத்தம் செய்து கட்டுப் போட உதவுவேன், அந்தப் புண் ஆறியதில் என் கைக்குப் பங்கு உண்டு, வீட்டுக்குப் போகிற அன்றைக்கு கோமதி எங்கே, அவளிடம் சொல்லிக்கொண்டுதான் போவேன் என்று சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஊரில் இவள் வெறும் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலையில் நரம்பு பிடித்து ஊசி ஏற்றினேன் நான், டாக்டர்கள் என்னைக் கூப்பிட்டனுப்புவார்கள். அதெல்லாம் இங்கே யாருக்கும் தெரியாது. இவள் பேசினால் சிரிக்கிறார்கள், நான் பேசினால் மன்னிக்கவும் திரும்பச் சொல்கிறீர்களா என்கிறார்கள். இவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ராத்திரி தலையணையில் தலையை வைத்தால் தூங்கிவிடுகிறாள். காலையில் எழுந்தால் அம்மா கூப்பிடுகிறாள், என்ன சாப்பிட்ட, தலைக்குக் குளிச்சியா, குளிருக்குக் காதை மூடிக்கிட்டியா. என் அம்மா நான் படிக்கிற காலத்திலேயே போய்விட்டாள். காதை மூடிக்கொண்டாயா என்று என்னை யாரும் கேட்பதில்லை. கேட்காதது பரவாயில்லை, அடுத்த அறையில் கேட்கிறபோது சுவர் வழியாக எனக்கும் கேட்கிறது, அதுதான். இப்போது அந்த அம்மாளின் குரல்வளைக்குள் குழாய் போட்டிருப்பார்களோ. கடைசியில் இப்போதுதான் எனக்கு அவள் முகம் வருகிறது. வருகிறது, ஆனால் அந்த முகமும் கோமு எங்கே என்றுதான் கேட்கிறது.

இறங்கி நடக்கிறோம். பாலத்தைத் தாண்டி மேட்டில் ஏற வேண்டும், வழி எனக்கு நன்றாகத் தெரியும். கோமுவின் கை விறைத்திருக்கிறது, கையுறையை மறந்துவிட்டு வந்திருக்கிறாள், என்னுடையதைக் கழற்றிக் கொடுக்கிறேன், சில்லென்ற கையோடு போனால் நாடி பார்க்க முடியாது என்கிறேன். பையை நான் வாங்கிக்கொள்கிறேன். செய்தி நாக்கின் நுனிக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் இப்படி ஏதாவது செய்துவிடுகிறேன், செய்தால் அது கொஞ்சம் உள்ளே போகிறது. கட்டடத்தின் வாசலில் நான்கைந்து பேர் நிற்கிறார்கள், மலையாளத்துப் பெண்கள் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு ஆப்பிரிக்க ஆண் நர்ஸ் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகுகிறார். கோமுவின் கொண்டை கழுத்தில் சரிந்திருக்கிறது, முடி சட்டைக் காலரைத் தொட்டால் அதற்கும் குறை சொல்வார்கள். திரும்பு என்று சொல்லி, வாயில் கொண்டை ஊக்கைக் கடித்துக்கொண்டு, முடியைத் தூக்கிச் சுருட்டி ஏற்றுகிறேன். சொல்ல வேண்டுமானால் இதுதான் கடைசி இடம். அவள் காது என் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சத்தமாகக்கூடச் சொல்ல வேண்டாம். சொன்னால் இவள் இந்த வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள், உள்ளே போனாலும் சிவப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டே மாத்திரையைக் கொடுப்பாள், பிறகு இரண்டு பேரும் ஒரே ரயிலில் ஒரே மாதிரி திரும்பிப் போவோம். அதற்குப் பிறகு இவளை எனக்குப் பிடித்துப்போகும், உண்மையாகவே பிடித்துப்போகும், தோளில் சாய்த்துக்கொண்டு போவேன். அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நொடி தெரிகிறது, வெந்நீரில் காலை வைத்த மாதிரி. ஊக்கு வாயில் இருப்பதால் பேச முடியவில்லை. ஊக்கை எடுத்துக் குத்துகிறேன். கழுத்தில் கை படுகிறது, சூடாக இருக்கிறது. "போயிட்டு வா," என்கிறேன். அவள் திரும்பி, கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள், ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை. போனை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

எதிரில் ஒரு காபிக் கடை. உட்கார்ந்திருக்கிறேன். சொல்லவில்லை. நல்ல காரியம் செய்தவளுக்கு வருகிற நிம்மதி எதுவும் வரவில்லை, சொல்லாமல் விட்டது நான்தானா, வாயில் இருந்த ஊக்குதானா என்று தெரியவில்லை. வேலாயுதத்திடமிருந்து ஒன்றும் இல்லை. இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது. உள்ளே கொண்டுபோய் அடைப்பை எடுத்துவிட்டு வெளியே கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைவிட அதிக நேரம் ஆகிவிட்டது. அப்படியானால் ஒன்று சிக்கலாகியிருக்கிறது, அல்லது வேலாயுதம் மறந்துவிட்டான், அல்லது சொல்ல வாய் வராமல் எங்கேயாவது சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறான். அந்த அம்மாள் போய்விட்டால் கோமு இன்றைக்கே ஊருக்குப் புறப்படுவாள். டிக்கெட் போட வேண்டும், பெட்டி கட்ட வேண்டும், நான்தான் உதவ வேண்டும். காரியம் முடிய பதினாறு நாள். அதற்கப்புறம் வருவாளோ என்னவோ, அண்ணனைத் தனியாக விட்டுவிட்டு வர மனம் வராது, அங்கேயே இருந்துவிடலாம். வீட்டில் நான் மட்டும். வேறு யாரையாவது கொண்டுவந்து விடுவார்கள், அதற்கு முன்னால் என் கட்டிலை அவள் அறைக்கு நகர்த்திக்கொள்ளலாம், காலையில் எழுந்ததும் கடல். அலமாரியில் ஜெமிமாவின் போட்டோவை வைக்கலாம். எந்த இடத்தில் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், வெளிச்சம் நேராக விழாத பக்கமாக, வைத்தும்விட்டேன், வைத்துவிட்டு நகர்ந்து நின்று பார்த்தபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. ஒரு அம்மாளைச் சாகடித்துவிட்டு அவள் மகளின் அறையில் போட்டோ வைத்துக்கொண்டிருக்கிறேன். காபி ஆறிப்போய் மேலே ஏடு படிந்திருக்கிறது. கடைக்காரப் பெண் வந்து உங்களுக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்கிறாள். ஒன்றும் இல்லை என்கிறேன். கர்த்தாவே அந்த அம்மாள் இருக்கட்டும், என்கிறேன். உடனே, எதற்காக, கோமு பாஸாகி அம்மாவும் இருந்து எல்லாமே அவளுக்கு இருப்பதற்கா என்று ஒன்று கேட்கிறது, அதுவும் என் குரல்தான். இருக்கட்டும், எல்லாமே அவளுக்கு இருக்கட்டும், என்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதெல்லாம் ஜெபத்தில் சேருமா என்று தெரியவில்லை.

வெளியே வந்து வாசலுக்கு எதிரில் உள்ள பெஞ்சில் உட்காருகிறேன். ஒவ்வொருவராக வருகிறார்கள். மலையாளத்துப் பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டு வருகிறாள், இன்னொருத்தியைக் காணவில்லை. கோமு வருகிறாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள். "எப்படிட்டி இருந்துச்சு?" என்று கேட்கிறேன். "இப்பச் சொல்லுங்கக்கா," என்கிறாள். "என்னத்தச் சொல்ல?" "யாருக்கு என்ன ஆச்சு? அம்மாவா, அண்ணனா?" போன் என் பையில்தான் இருக்கிறது, அணைத்தது அணைத்தபடி இருக்கிறது. "யாரு சொன்னா உனக்கு?" "யாரும் சொல்லல. நீங்க காலையிலேருந்து எங்கிட்டப் பிரியமா இருக்கீய." அவள் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொல்கிறாள். "இத்தன மாசமா ஒரே வீட்டுல இருக்கோம், ஒருநாளும் நீங்க இப்படி இருந்ததில்ல. என்னைக் கண்டா உங்களுக்கு ஆகாது, அது எனக்குத் தெரியும்க்கா. நான் ரெண்டு தடவ தோத்து நீங்க மொத தடவ எழுதப் போனா எனக்கும் அப்படித்தான் இருக்கும். டீ வாங்கித் தரும்போது ஒரு மாதிரி இருந்துச்சு. முடியக் கட்டிவிடும்போது தெரிஞ்சுபோச்சு." "பின்ன ஏன் கேக்கல?" "கேட்டா சொல்லிருப்பியள்லா." "சொல்லிருப்பேன்." "அதான் கேக்கல." கொஞ்ச நேரம் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுகிறாள். "அம்மா செத்துட்டான்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு அறையிலயும் கையக் கழுவுனேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். ஒண்ணுகூட விடல. அதுதான்க்கா எனக்குப் பயமா இருக்கு, எப்படிச் செஞ்சேன்?" எனக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் சரிந்து விழுகிறது. இவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே போயிருக்கிறாள். முழங்கை இல்லை, அம்மாவின் உயிரையே தலைக்குள் வைத்துக்கொண்டு சிவப்புப் பட்டையைப் பார்த்திருக்கிறாள், படித்திருக்கிறாள், மாத்திரையைத் தள்ளி வைத்திருக்கிறாள். அப்படியானால் ஞானதுரையின் போன் காரணம் இல்லை. இத்தனை நாள் நான் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு போன் இனிமேல் எனக்கு இல்லை. இந்த நிமிஷத்தில்கூட, அம்மா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறபோதுகூட, எனக்கு இவள் மேல்தான் பொறாமையாக இருக்கிறது, முன்பு எப்போதும் இருந்ததைவிட அதிகமாக.

"அம்மாக்கு நெஞ்சுவலி. தின்னவேலியில வச்சிருக்காங்க. அடைப்பு எடுக்க உள்ள கொண்டுபோனாங்க, அதுக்கப்புறம் எனக்கும் ஒண்ணும் தெரியாது," என்கிறேன். கோமு தலையை ஆட்டுகிறாள். போனை எடுத்துக் கொடுக்கிறேன், வாங்க மாட்டேன் என்கிறாள். "நீங்க போடுங்கக்கா. எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல." என் போனிலிருந்தே வேலாயுதத்தைக் கூப்பிடுகிறேன். மணி அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. கோமு என் முழங்கையைப் பிடித்திருக்கிறாள், நகம் பதிகிறது. இருக்கணும், இருக்கணும், இருக்கணும் என்று எனக்குள் ஓடுகிறது, வேறு எந்தக் குரலும் குறுக்கே வரவில்லை, ஒரு வேளை வர நேரம் இல்லை. "அக்கா," என்கிறான் வேலாயுதம், "இப்பத்தான் வெளிய கொண்டாந்தாங்க, நானே கூப்பிடணும்னு இருந்தேன். நடுவுல துடிப்பு நின்னு ஷாக் குடுத்தாங்களாம். ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்காங்க. முழிச்சிட்டா. பேசுதா. கோமு வந்துட்டாளா?" போனை அவள் காதில் வைக்கிறேன். முதலில் அண்ணன் பேசுகிறான், பிறகு நடக்கிற சத்தம், பிறகு கம்மிப்போன ஒரு குரல், இங்கே எனக்கே கேட்கிறது. "பரிட்ச எழுதினியாம்மா?" "நல்லா எழுதிருக்கேன்மா," என்கிறாள் கோமு. கண்ணீர் தாடையில் வழிந்து சொட்டுகிறது, குரலில் ஒரு சொட்டுகூட இல்லை. "எனக்கு ஒண்ணுமே தெரியாது. இப்ப வெளிய வந்த பெறகுதான் நேசக்கா சொன்னாவ." பிறகு போன் என் கைக்கு வருகிறது. "தாயி," என்கிறது அந்தக் குரல், மூச்சு வாங்குகிறது, "நீ மறைச்சு வச்சதுனாலதான் எம்பிள்ள நிம்மதியா எழுதிருக்கா. நீ நல்லாருக்கணும்." கோமு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஆமாம்மா," என்கிறேன், "நீங்க பேசாதீங்க, ரெஸ்ட் எடுங்க."

ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பாலத்து வழியாகத் திரும்பி நடக்கிறோம். கோமு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, டிக்கெட் எப்போது கிடைக்கும், மேனேஜர் எத்தனை நாள் லீவு தருவாள் என்று கேட்டுக்கொண்டு வருகிறாள், தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தப் பொறாமை போய்விட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்க்கிறேன். போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது அவளுக்கும் தெரியும் என்பதால் தூக்கிக்கொண்டு நடக்கக் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது. பாலத்தின் நடுவில் அவள் நிற்கிறாள். "அடுத்த மாசம் உங்க பரிட்சைக்கு நான் வாரேன்," என்கிறாள். "ஊருக்குப் போயிட்டு அதுக்குள்ள வந்துருவேன். ரயில் ஏறும்போதே போன எங்கிட்டக் குடுத்துருங்க. உங்க வீட்டு அண்ணாச்சி கூப்பிட்டாலும் பிள்ள கூப்பிட்டாலும் நான் பேசிக்கிடுதேன். நீங்க வெளிய வார வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." "என்ன ஆனாலுமா?" "என்ன ஆனாலும்." கீழே ஆற்றுத் தண்ணீர் மண் நிறத்தில் போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன், சொல்லிவிட்ட பிறகு பயமாக இருக்கிறது. அந்த நாள் காலையில் ரயிலில் இவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டு போகப் போகிறேன். டீ வாங்கிக் கொடுத்தால் ஏன் என்று பார்ப்பேன், பையை வாங்கிக்கொண்டால் ஏன் என்று பார்ப்பேன். "அன்னைக்கு எங்கிட்டப் பிரியமா மட்டும் இருந்துராதட்டி," என்கிறேன். கோமு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். "மாட்டேன்," என்கிறாள். "காலையிலயே ஒரு சண்டையப் போட்டுட்டுத்தான் வீட்டவிட்டே கெளம்புவோம்."